ஜிப்சி கிங்கில் எஸ்டீம் எம்பிஎஃப்ஐ என்ஜின்: விளக்குப் போட்டால் புகை, மலையேறினால் திணறல்

நாமக்கல் ஜிப்சி:

என்னிடம் இருப்பது 1998-இல் பதிவான கார்புரேட்டர் வகை மாருதி ஜிப்சி கிங் ஜீப். அதன் ஜி13பிஏ என்ஜின் ரிங் தேய்ந்து ஆயில் குடிக்கத் தொடங்கிவிட்டது. அதைப் பிரித்து ரீபோர் போடுவதற்கு (சிலிண்டரைக் கடைந்து புதுப்பிப்பதற்கு) பதிலாக, விபத்தாகி உடைப்புக்கு வந்த ஓர் எஸ்டீம் காரின் ஜி13பிபி எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதிலாக இன்ஜெக்டர்கள் பெட்ரோலைத் தெளிக்கும் வகை) என்ஜினை வயரிங், ஈசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி) ஆகியவற்றோடு சேர்த்து வாங்கி, வீட்டுக் கொட்டகையிலேயே மாற்றிப் பொருத்தியிருக்கிறேன். இரண்டும் ஒரே குடும்பத்து என்ஜின்கள். இரண்டுக்கும் 74 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 75.5 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), 1298 சி.சி. கியர்பாக்ஸின் வாயும் அப்படியே பொருந்தியது. எஸ்டீமில் என்ஜின் குறுக்காக உட்கார்ந்திருக்கும், ஜிப்சியில் நெடுக்காக உட்கார வேண்டும் என்பதால் ஆயில் சம்ப், அதன் உள்ளே உள்ள உறிஞ்சு குழாய், மவுண்டிங் பிராக்கெட்டுகள், ஃப்ளைவீல், கிளட்ச் எல்லாம் ஜிப்சியுடையவற்றையே போட்டேன். எஸ்டீமில் பெட்ரோல் பம்ப் டாங்குக்குள்ளேயே இருக்கும். ஜிப்சியின் பழைய டாங்கில் அதற்கான வாய் கிடையாது. எனவே சேஸிஸில் வெளியே மாட்டும் இன்லைன் பம்ப் ஒன்றை வைத்திருக்கிறேன்.

வண்டி ஓடுகிறது. காலை நேரத்தில் சமதளத்தில் ஓட்டினால் இதைவிட நல்ல ஜிப்சி தமிழ்நாட்டில் இல்லை என்று தோன்றும். ஆனால் இரண்டு தொல்லைகள் இருக்கின்றன.

முதலாவது: இரவில் ஹெட்லைட் போட்டு, ரேடியேட்டர் மின்விசிறியும் ஓடத் தொடங்கியதும் ஐட்லிங் (மிதிக்காதபோது என்ஜின் ஓடும் வேகம்) ஏறி இறங்குகிறது. சைலன்சரில் கரும்புகையும் பெட்ரோல் வாடையும் வருகின்றன. சிக்னலில் நிற்கும்போது சில நேரம் ஆஃப் ஆகிவிடுகிறது.

இரண்டாவது: அடிவாரத்திலுள்ள காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறும்போது, சில கொண்டை ஊசி வளைவுகளில், இரண்டாம் கியரில் மிதித்துக்கொண்டிருக்கும்போதே சாவியைத் திருப்பி அணைத்ததுபோல் என்ஜின் செத்துப்போகிறது. சற்றுப் பின்னால் உருட்டிச் சமமான இடத்தில் நிறுத்தினால் செல்ஃபில் உடனே பிடித்துக்கொள்கிறது.

பிளக், ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர் எல்லாம் புதியவை. கம்ப்ரஷன் நான்கு சிலிண்டரிலும் சமமாக இருக்கிறது. சோதனைக் கனெக்டரை எர்த் செய்து பார்த்தால் 'செக் என்ஜின்' விளக்கு 24 என்ற எண்ணை மட்டும் காட்டுகிறது. ஈசியூவை மாற்றிப் பார்க்கும்படி மெக்கானிக் சொல்கிறார். அதற்குச் செலவழிக்கும் முன் இங்கே கேட்கலாம் என்று எழுதுகிறேன்.

கார்புரேட்டர் கட்சி:

நண்பரே, கேட்காத ஆலோசனையைச் சொல்கிறேன். ஜி13பிஏ 60 குதிரைத்திறன்தான். ஆனால் எட்டு வால்வு என்ஜின் என்பதால் கீழ் ஆர்.பி.எம்.மில் இழுவை நன்றாக இருக்கும். மலைக்கும் காட்டுக்கும் அதுவே போதும். பதினாறு வால்வு ஜி13பிபி 80 குதிரைத்திறன் தருகிறது என்றாலும், அதை வாங்க 6000 ஆர்.பி.எம். வரை மிதிக்க வேண்டும். பழைய என்ஜினுக்கு ரீபோர் போட்டிருந்தால், நடுவழியில் நின்றாலும் ஒரு ஸ்க்ரூடிரைவரோடு வேலையை முடித்திருக்கலாம்.

இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள். டைமிங் பெல்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டைச் சுழற்றுவது) ஒரு பல் தள்ளி மாட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். என்ஜின் வெளியே இருந்தபோது பெல்ட் மாற்றியிருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டிய இடம் அதுதான். மலையில் திணறுவதற்கும் அது காரணமாகலாம்.

ஓம்விதி:

தம்பி, ஈசியூவை வாங்காதீர்கள். இப்போதைக்கு எதையுமே வாங்காதீர்கள்.

நீங்கள் எழுதியதில் இரண்டு வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் ஒரே காரணம் தேடினால் கிடைக்காது. மேலே நண்பர் டைமிங் பெல்ட்டைச் சொன்னார். ஒரு பல் தள்ளியிருந்தால் என்ஜின் எப்போதுமே மந்தமாக இருக்கும். ஹெட்லைட் எரிகிறதா இல்லையா என்பது பெல்ட்டுக்குத் தெரியாது. விளக்கைப் போட்டால் வருகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்படியானால் அது மின்சாரத்தின் பிரச்சினை. என் அனுபவத்தில், என்ஜின் மாற்றிய வண்டியில் இப்படி வந்தால் பத்தில் ஒன்பது எர்த் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி) கோளாறாகவே இருந்திருக்கிறது.

மல்டிமீட்டரை 2 வோல்ட் டிசி அளவில் வைத்துக்கொள்ளுங்கள். என்ஜின் ஐட்லிங்கில் ஓடட்டும். ஹெட்லைட் ஹைபீமில் இருக்கட்டும், மின்விசிறி ஓடட்டும். மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலேயே அழுத்திப் பிடியுங்கள். கிளாம்பின்மேல் பிடிக்க வேண்டாம். சிவப்பு முனையை முதலில் என்ஜின் பிளாக்கிலும், பிறகு பெயின்ட் சுரண்டிய ஃபயர்வாலிலும் (என்ஜின் அறைக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள பாடித் தகடு), கடைசியாக ஈசியூவின் எர்த் பின்னிலும் வைத்து மூன்று அளவுகளையும் எழுதுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் எங்கே வந்தாலும் அங்கே வேலை இருக்கிறது. ஓம் அளவில் வைத்து, 'பீப்' சத்தம் வருகிறது, எர்த் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடாதீர்கள். ஒரே ஒரு நூலிழை மிஞ்சியிருந்தாலும் பீப் சத்தம் வரும். இருபது ஆம்பியர் ஓடும்போது அந்த நூலிழை என்ன செய்கிறது என்பதே நமக்கு வேண்டிய விஷயம்.

இன்னும் இரண்டு கேள்விகள். ஒன்று, மேப் சென்சார் (இன்டேக் மேனிஃபோல்டில் காற்றழுத்தத்தை அளப்பது), தண்ணீர் வெப்ப சென்சார், த்ராட்டில் சென்சார் (ஆக்சிலரேட்டர் திறக்கும் காற்றுக் கதவின் நிலையை அளப்பது) ஆகியவற்றின் எர்த் வயர்கள் எங்கே போய் முடிகின்றன? ஈசியூவுக்கே திரும்பிப் போகின்றனவா, அல்லது பாடியில் போல்ட் போடப்பட்டிருக்கின்றனவா? இரண்டு, விளக்கும் விசிறியும் கொஞ்ச நேரம் ஓடிய பிறகு ஆக்சிலரேட்டர் கேபிளின் மேலுறையைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருக்கிறதா?

நீலகிரி ஓட்டி:

நான் ஓட்டுவது தொழிற்சாலையிலிருந்தே எம்பிஎஃப்ஐ ஆக வந்த ஜிப்சி, 2000-க்குப் பிந்தையது. ஓம்விதி முதல் நோயைப் பார்த்துக்கொள்வார். நான் இரண்டாவதைப் பற்றிக் கேட்கிறேன்.

செத்துப்போகும் வளைவுகள் எல்லாம் ஒரே பக்கம் திரும்புபவையா? டாங்கில் பெட்ரோல் எவ்வளவு இருக்கும்போது நடக்கிறது? டாங்க் நிரம்ப இருக்கும்போது ஒரு முறையாவது நின்றிருக்கிறதா? இந்த மூன்றுக்கும் பதில் வந்தால் பாதிச் சோதனை முடிந்ததுபோல.

24 என்ற எண் வேக சென்சாருக்கானது. எஸ்டீமின் ஈசியூ வண்டியின் வேகத்தை எதிர்பார்க்கிறது. உங்கள் ஜிப்சியின் ஸ்பீடோமீட்டர் வெறும் கேபிளில் ஓடுகிறது, பல்ஸ் எதுவும் ஈசியூவுக்குப் போவதில்லை. மலையில் நிற்பதற்கு அது காரணமல்ல. ஆனால் வண்டி உருண்டு வந்து நிற்கும் தருணத்தில் ஐட்லிங் சரியாமல் தாங்கிப் பிடிக்க அந்தத் தகவல் உதவும். கேபிளுக்கும் மீட்டருக்கும் நடுவே மாட்டும் பல்ஸ் சென்சார் ஒன்றைப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

கார்புரேட்டர் கட்சி நண்பருக்கு ஒரு வார்த்தை. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். மேட்டுப்பாளையத்தில் சரியாக வைத்த கார்புரேட்டர் மேலே போனதும் பெட்ரோலை அதிகமாகக் கொட்டுகிறது. எம்பிஎஃப்ஐயில் மேப் சென்சார் அந்த அழுத்தத்தை அளந்து கொடுத்துவிடுகிறது. நான் இதை வாங்கியதற்குக் குதிரைத்திறன் காரணமில்லை, இதுதான் காரணம்.

நாமக்கல் ஜிப்சி:

ஓம்விதி அண்ணாவுக்கு அளவுகள்:

விளக்கும் விசிறியும் ஓடும்போது என்ஜின் பிளாக்கில் 0.05 வோல்ட். ஈசியூவின் எர்த் பின்னிலும் ஏறக்குறைய அதே அளவு. ஃபயர்வாலில் 0.62 வோல்ட். விளக்கையும் விசிறியையும் அணைத்தால் ஃபயர்வால் 0.1-க்குக் கீழே வந்துவிடுகிறது.

ஆக்சிலரேட்டர் கேபிள் உண்மையிலேயே சூடாக இருந்தது. த்ராட்டில் பாடிக்கு அருகே பிளாஸ்டிக் உறை இளகிப் பளபளப்பாகியிருக்கிறது. சில நாட்களாக மிதி கனமாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

சென்சார் எர்த் பற்றி நீங்கள் கேட்டதும் டேப்பைப் பிரித்துப் பார்த்தேன். எஸ்டீமின் ஈசியூ டாஷ்போர்டுக்குள் இருந்த இடமும் ஜிப்சியில் வைத்த இடமும் வேறு என்பதால், வயரிங்கை ஓர் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து நீட்டியிருந்தேன். மேப், தண்ணீர் வெப்பம், த்ராட்டில் ஆகிய மூன்றின் எர்த் வயர்களையும் அவர் ஒன்றாக முறுக்கி, ஃபயர்வாலில் ஒரே போல்ட்டில் போட்டிருக்கிறார். ஈசியூவின் சொந்த எர்த் மட்டும் எஸ்டீமில் இருந்தபடியே இன்டேக் மேனிஃபோல்டில் இருக்கிறது.

மேப் சென்சார் சிக்னல் ஐட்லிங்கில் விளக்கில்லாமல் 1.4 வோல்ட், விளக்கோடு 1.8 வோல்ட். தண்ணீர் வெப்ப சென்சார் சிக்னல் சூடான என்ஜினில் 0.6-இலிருந்து 1.1-க்கு ஏறுகிறது.

நீலகிரி ஓட்டி அவர்களுக்கு: நின்றவை எல்லாம் வலப்பக்கம் திரும்பும் வளைவுகள். டாங்க் பாதிக்குக் கீழே இருக்கும்போதுதான் நடக்கிறது. நிரப்பிக்கொண்டு ஏறிய ஒரு முறை எந்தத் தொல்லையும் இல்லை.

ஓம்விதி:

முதல் நோய் பிடிபட்டுவிட்டது. எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு வருபவர்களுக்கும் உதவும்.

உங்கள் வண்டியில் பேட்டரியின் நெகட்டிவ் கேபிள் நேராக என்ஜினுக்குப் போகிறது. ஹெட்லைட்டும் விசிறியும் பாடியில் எர்த் ஆகின்றன. இரண்டு 60 வாட் பல்புக்கு ஏறத்தாழ 10 ஆம்பியர், விசிறிக்கு அதைவிடக் கூடுதல். இத்தனை மின்னோட்டமும் பாடியிலிருந்து என்ஜின் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பியாக வேண்டும். அதற்காகத்தான் என்ஜினுக்கும் பாடிக்கும் இடையில் தடித்த எர்த் பட்டை ஒன்று தொழிற்சாலையில் போடப்படுகிறது. என்ஜின் மாற்றும்போது பழைய என்ஜினோடு சேர்ந்து போவது பெரும்பாலும் அந்தப் பட்டைதான். என்ஜின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது, ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. எனவே மின்னோட்டம் கிடைத்த வழியில் போகிறது. ஆக்சிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள், சைலன்சர் தொங்கல் எல்லாம் அதற்கு வழிதான். உங்கள் கேபிள் உறை இளகியது அதனால். மிதி கனத்ததும் அதனால்.

இப்போது சென்சாருக்கு வருவோம். ஈசியூ தன் எர்த்தை 0 என்று வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அளக்கிறது. அந்த எர்த் என்ஜினில் இருக்கிறது. சென்சார்களின் எர்த்தோ பாடியில் இருக்கிறது. பாடி அரை வோல்ட்டுக்கு மேல் உயர்ந்து நிற்கும்போது, சென்சார் அனுப்பும் ஒவ்வொரு சிக்னலும் அந்த உயரத்தில் ஒரு பங்கைச் சுமந்துகொண்டு வருகிறது. மேப் சிக்னல் 1.8 என்றால், த்ராட்டில் திறந்திருக்கிறது, காற்று அதிகமாக வருகிறது என்று ஈசியூ புரிந்துகொள்கிறது. தண்ணீர் வெப்ப சென்சாரில் சூடு ஏற ஏற வோல்ட் குறையும். அது 1.1 காட்டினால், 85 டிகிரியில் சூடேறி ஓடிக்கொண்டிருக்கும் என்ஜினை இன்னும் 60-ஐக்கூடத் தொடாத என்ஜின் என்று ஈசியூ எடுத்துக்கொள்கிறது. இரண்டு பொய்களும் ஒரே திசையில் தள்ளுகின்றன: பெட்ரோலைக் கூட்டு, இன்னும் கூட்டு. கரும்புகை அங்கிருந்து வருகிறது. இதில் ஈசியூவின் குற்றம் ஏதுமில்லை. கொடுத்த கணக்கைச் சரியாகவே போட்டிருக்கிறது. புது ஈசியூ வாங்கிப் போட்டாலும் அதே கணக்கைத்தான் போட்டிருக்கும். 24-ஐத் தவிர 'செக் என்ஜின்' விளக்கில் வேறு கோளாறு எண் எதுவும் வராததற்கும் இதுவே காரணம். சிக்னல் அறுந்தாலோ ஷார்ட் ஆனாலோதான் ஈசியூ கோளாறு எண்ணைக் காட்டும். நம்பக்கூடிய பொய்யை அது நம்பிவிடும்.

செய்ய வேண்டியவை: பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கு 16 சதுர மி.மீ. தடிமனுள்ள கேபிள் ஒன்று. என்ஜினிலிருந்து ஃபயர்வாலுக்கு அதே தடிமனில் இன்னொன்று. இரண்டு இடங்களிலும் பெயின்ட்டை உலோகம் தெரியச் சுரண்டி, பல் வாஷர் வைத்து முறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். மூன்று சென்சார் எர்த் வயர்களையும் பாடியிலிருந்து கழற்றி, ஈசியூ கனெக்டரில் சென்சார் எர்த்துக்கென்று உள்ள பின்னுக்கே கொண்டுபோங்கள். இணைப்புகளைச் சால்டர் செய்து ஹீட்ஷ்ரிங்க் போடுங்கள். வெறும் முறுக்கும் டேப்பும் என்ஜின் அதிர்வுக்கு ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. ஆக்சிலரேட்டர் கேபிளை மாற்றிவிடுங்கள். உள்ளே இழை பிரிந்திருந்தால் ஒரு நாள் த்ராட்டில் திறந்தபடியே சிக்கிக்கொள்ளும். மலை இறக்கத்தில் அது விளையாட்டல்ல.

கார்புரேட்டர் கட்சி:

பெல்ட் பற்றிய என் யோசனையை விலக்கிக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். எத்தனையோ பழைய ஜீப்புகளில் எர்த் பட்டை அறுந்து, கேபிள் சூடாகி ஓடியதைப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் இப்படிப் புகை கக்கியதில்லையே?

ஓம்விதி:

கோளாறு அவற்றிலும் இருந்தது. கார்புரேட்டர் வோல்ட்டைப் பார்த்துப் பெட்ரோல் விடுவதில்லை, அதனால் வெளியே தெரியவில்லை. செல்ஃப் மெதுவாகச் சுற்றுவதும், விளக்கு மங்குவதும், கிளட்ச் கேபிள் அடிக்கடி அறுவதுமாக அது வேறு இடத்தில் வரி வசூலித்துக்கொண்டிருக்கும்.

நீலகிரி ஓட்டி:

வலப்பக்க வளைவு, பாதி டாங்குக்குக் கீழே, பின்னால் உருட்டினால் சரியாகிறது. இனி சந்தேகத்துக்கு இடமில்லை. பம்புக்குப் பெட்ரோல் எட்டவில்லை. இருந்தாலும் அளந்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

காரணத்தைச் சொல்கிறேன். பழைய ஜி13பிஏவில் என்ஜினிலேயே உள்ள மெக்கானிக்கல் பம்ப் பெட்ரோலை இழுத்துக் கார்புரேட்டரின் கிண்ணத்தை நிரப்பும். அதற்கு 0.3 பார் அளவு அழுத்தம் போதும். வளைவில் டாங்க் பைப் சில நொடி காற்றை உறிஞ்சினாலும் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலை வைத்து என்ஜின் ஓடிவிடும். அதனால் அந்த டாங்கைச் செய்தவர்கள் உள்ளே பெட்ரோல் அலையாமல் தடுப்பதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. எம்பிஎஃப்ஐயில் அந்தக் கிண்ணம் இல்லை. இன்ஜெக்டருக்கு 2.5 முதல் 3 பார் வரை இடைவிடாமல் வேண்டும். ஒரு வாய்க் காற்று போனாலும் அழுத்தம் விழுந்து என்ஜின் நின்றுவிடும். அதனால்தான் எம்பிஎஃப்ஐ டாங்குகளில் பம்பை உள்ளேயே பெட்ரோலில் மூழ்கும்படி வைத்து, அதைச் சுற்றி ஒரு தடுப்பையும் வைக்கிறார்கள்.

வெளியே மாட்டிய இன்லைன் பம்புக்கு இன்னொரு பலவீனம் உண்டு. அது நன்றாகத் தள்ளும், ஆனால் இழுப்பதில் சோம்பேறி. டாங்கைவிட உயரத்தில் மாட்டியிருந்தாலோ, உறிஞ்சும் பக்கம் மெல்லிய பைப்பும் நெருக்கமான ஃபில்டரும் இருந்தாலோ, சூடான நாளில் பெட்ரோல் உறிஞ்சு பைப்பிலேயே ஆவியாகிவிடும். பம்ப் கீச்சென்று கத்தினால் அதுதான் அடையாளம்.

பிரஷர் கேஜ் ஒன்றை ஃபில்டருக்கும் இன்ஜெக்டர் ரெயிலுக்கும் நடுவே 'டி' வைத்து மாட்டுங்கள். நீளமான ஹோஸில் கேஜை பானெட் வழியாக வெளியே எடுத்து, கண்ணாடிக்கு வெளியே தெரியும்படி டேப் போட்டு ஒட்டுங்கள். எக்காரணம் கொண்டும் பெட்ரோல் உள்ள ஹோஸை கேபினுக்குள் கொண்டுவராதீர்கள். பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து அவரைக் கேஜைப் பார்க்கச் சொல்லுங்கள். தீயணைப்பான் ஒன்று காலடியில் இருக்கட்டும். ஹோஸ் எம்பிஎஃப்ஐக்கானதா என்றும் பாருங்கள். கார்புரேட்டர் வண்டியின் சாதாரண ரப்பர் ஹோஸ் 3 பாருக்குச் செய்யப்பட்டதல்ல. மேலே ஆர்9 என்று அச்சடித்த வகையைக் கேட்டு வாங்குங்கள்.

நாமக்கல் ஜிப்சி:

எர்த் வேலை முடிந்தது. இப்போது ஹைபீம், விசிறி, ஹார்ன் எல்லாம் சேர்ந்தாலும் ஃபயர்வாலில் 0.04 வோல்ட்டைத் தாண்டவில்லை. மேப் சிக்னல் 1.4-இல் அசையாமல் நிற்கிறது. கரும்புகை நின்றுவிட்டது. கேபிளையும் மாற்றிவிட்டேன். பழையதை வெட்டிப் பார்த்தபோது உள்ளே நைலான் உறை உருகிக் கம்பியோடு ஒட்டியிருந்தது.

கேஜ் அளவுகள்: சமதளத்தில் ஐட்லிங்கில் 2.3 பார். பெட்ரோல் அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரின் வேக்குவம் ஹோஸைக் கழற்றினால் 2.9. கால் டாங்க் பெட்ரோலோடு கொல்லிமலை ஏறியபோது, வலப்பக்க வளைவில் முள் நடுங்கத் தொடங்கி, 0.8-க்கு விழுந்ததும் என்ஜின் நின்றது. இடப்பக்க வளைவில் ஒரு துளியும் அசையவில்லை. அன்று மதியம் இறங்கிவந்து காரவள்ளியில் நிறுத்தி மீண்டும் எடுத்தபோது, சமதளத்திலேயே பம்ப் கீச்சிட்டு, முள் 2-க்கும் 2.5-க்கும் இடையில் ஆடிக்கொண்டிருந்தது.

டாங்கைக் கழற்றிக் கவிழ்த்து டார்ச் அடித்துப் பார்த்தேன். உறிஞ்சு குழாய் ஒரு மூலையில் இறங்குகிறது. நீங்கள் சொன்ன தடுப்பு எதுவும் இல்லை. ரிட்டர்ன் பைப் எதிர்ப்பக்கத்தில் கொட்டுகிறது.

இப்போது இரண்டு வழிகள் தெரிகின்றன. சின்னப் பம்ப் ஒன்றும் இடைத்தொட்டி ஒன்றும் வைப்பதா, அல்லது எம்பிஎஃப்ஐ ஜிப்சியின் டாங்கையே தேடிப் போடுவதா?

பழைய இரும்பு:

உடைப்புப் பொருள் வாங்கி விற்பது என் தொழில் என்பதால் இதில் தலையிடுகிறேன். எம்பிஎஃப்ஐ ஜிப்சி டாங்க் கிடைக்காத பொருளல்ல. ராணுவத்தில் கழித்து ஏலத்துக்கு வந்த ஜிப்சிகள் ஏராளம். சென்னை புதுப்பேட்டையில் கேட்டாலே யாராவது கைகாட்டுவார்கள். ஆனால் வாங்கும்போது உள்ளே துரு இருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். நெடுநாள் காலியாகக் கிடந்த டாங்கின் கூரைப்பகுதிதான் முதலில் துருப்பிடிக்கும்; கீழே பார்த்தால் சுத்தமாகத் தெரியும். பம்ப் அசெம்பிளியையும், பெட்ரோல் அளவு காட்டும் மிதவையையும், நிரப்பும் வாய்க்குழாயையும் சேர்த்தே கேளுங்கள். தனித்தனியாக வாங்கினால் டாங்கைவிட அவற்றுக்கு அதிகம் ஆகும். டாங்குக்குள் இருக்கும் பம்பை மட்டும் புதிதாகப் போடுங்கள். பழைய பம்பை நம்பி மலை ஏறாதீர்கள்.

என்ஜின் வாங்கப்போகிறவர்களுக்கும் ஒரு குறிப்பு. இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் என்ஜின் ஓடாதபடி தடுக்கும் திருட்டுத் தடுப்பு அமைப்பு) உள்ள பிற்காலக் கார்களின் ஈசியூவைத் தனியாக வாங்கினால், சாவியும் அதன் பெட்டியும் இல்லாமல் என்ஜின் பிடிக்காது. இவர் செய்ததுபோல் ஒரே வண்டியிலிருந்து என்ஜின், வயரிங், ஈசியூ மூன்றையும், வயரை வெட்டாமல், கனெக்டரோடு எடுப்பதுதான் முறை. வயரை வெட்டித் தருகிறவரிடம் வாங்காதீர்கள்.

நீலகிரி ஓட்டி:

டாங்கையே மாற்றுங்கள் என்பதுதான் என் கருத்து.

இடைத்தொட்டி முறையிலும் தவறில்லை. குறைந்த அழுத்தப் பம்ப் ஒன்று டாங்கிலிருந்து ஒன்றிரண்டு லிட்டர் தொட்டியை எப்போதும் நிரப்பி வைக்கும். பெரிய பம்ப் அதன் அடியிலிருந்து எடுக்கும். ரெகுலேட்டரிலிருந்து வரும் ரிட்டர்ன் தொட்டிக்கே திரும்பும். மிஞ்சியது தொட்டியின் உச்சியிலிருந்து டாங்குக்கு வழியும். கார்புரேட்டரின் கிண்ணத்தைப் பெரிதாக்கி வெளியே வைத்ததுபோல்தான். பந்தயத்துக்கும் காட்டுக்கும் ஓட்டுபவர்கள் இதை விரும்பிச் செய்கிறார்கள். ஆனால் பம்ப் இரண்டாகிறது, ஹோஸ் இணைப்புகள் ஐந்தாறு கூடுகின்றன, எல்லாவற்றிலும் பெட்ரோல் ஓடுகிறது. தொட்டியை என்ஜின் அறையில் வைத்தால் சூடு, பின்பக்கம் வைத்தால் மோதலில் அபாயம். தினமும் குடும்பத்தோடு ஓட்டும் வண்டிக்குத் தொழிற்சாலை யோசித்துச் செய்த டாங்க் இருக்கும்போது நாம் ஏன் புதிதாக யோசிக்க வேண்டும்?

கார்புரேட்டர் கட்சி:

இதில் நான் மாறுபடுகிறேன். டாங்க் பம்ப் கொல்லிமலை உச்சியில் போய்விட்டால் டாங்கைக் கழற்ற வேண்டும். வெளியே மாட்டிய பம்பை ஸ்பேனர் ஒன்றோடு சாலையோரத்தில் மாற்றிவிடலாம். வெகுதூரக் காட்டுப் பயணம் போகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை.

நீலகிரி ஓட்டி:

ஒத்துக்கொள்கிறேன். காட்டுக்கே போகிறவராக இருந்தால் நானும் இடைத்தொட்டிதான் சொல்லியிருப்பேன். இவர் நாமக்கல்லிலிருந்து மலைக்குப் போய்வருகிறவர்.

ஓம்விதி:

எந்த டாங்காக இருந்தாலும் பம்புக்கு மின்சாரம் எப்படிப் போகிறது என்பதைச் சொல்லுங்கள் தம்பி. இக்னிஷன் சுவிட்சிலிருந்து நேராக வயர் இழுத்துப் பம்ப் ஓட்டுகிற பழக்கம் பரவலாக இருக்கிறது. இரண்டு கேடுகள் அதில் உண்டு. ஒன்று, பழைய சுவிட்சும் மெல்லிய வயரும் வோல்ட்டைத் தின்றுவிடும். பம்ப் முனையில் 11 வோல்ட் வந்தால் அழுத்தம் ஐட்லிங்கில் சரியாக இருக்கும், முழுதாக மிதிக்கும்போது போதாது. இரண்டாவது இதைவிட முக்கியம். விபத்தில் என்ஜின் நின்றுபோனாலும் சாவி ஆனில் இருக்கும்வரை பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். பைப் உடைந்திருந்தால் 3 பாரில் பெட்ரோல் சூடான சைலன்சர்மேல் பீய்ச்சும். எஸ்டீமின் வயரிங்கில் ஈசியூ கட்டுப்படுத்தும் பம்ப் ரிலே இருக்கிறது. சாவி போட்டதும் இரண்டு மூன்று நொடி ஓடி நின்றுவிட்டு, என்ஜின் சுழல்வதாகச் சிக்னல் வந்தால்தான் மீண்டும் ஓடும். அந்த ரிலேவையே பயன்படுத்துங்கள். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாகத் தடித்த வயர் ரிலேவுக்கு, அங்கிருந்து பம்புக்கு. பம்பின் எர்த்தையும் மறக்காதீர்கள். அதுவும் இதே பாடியில்தான் முடிகிறது.

நாமக்கல் ஜிப்சி:

நீங்கள் சொன்ன நேர் வயர்தான் இருந்தது; பம்ப் முனையில் 10.9 வோல்ட். இப்போது ஈசியூ ரிலே வழியாக மாற்றியதில் 13.4.

டாங்க் புதுப்பேட்டையிலிருந்து வந்துசேர்ந்தது. பழைய இரும்பு சொன்னபடி கூரைப்பகுதியைத் தடவிப் பார்த்தே வாங்கினேன். ஒரு கடையில் பார்த்தது கீழே பளபளவென்று இருந்து, மேலே விரலில் செம்பொடியாக ஒட்டியது. மவுண்டிங் துளைகள் பொருந்தின. நிரப்பும் குழாயின் ரப்பரை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. உள்ளே புதுப் பம்ப் போட்டிருக்கிறேன். வேக சென்சாரும் மாட்டியாகிவிட்டது. சோதனைக் கனெக்டரை எர்த் செய்தால் இப்போது 12 வருகிறது, அதாவது கோளாறு ஏதுமில்லை.

கால் டாங்குக்கும் குறைவான பெட்ரோலோடு, கேஜைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, காரவள்ளியிலிருந்து எழுபது வளைவுகளும் ஏறினேன். வலப்பக்கமோ இடப்பக்கமோ முள் 2.8-ஐ விட்டு இறங்கவில்லை. ஒரு கேள்வி மட்டும் மீதம்: உச்சியில் நிறுத்தியபோது வெப்பமுள் வழக்கத்தைவிட ஒரு கோடு மேலே இருந்தது, விசிறி ஓடியதும் இறங்கிவிட்டது. அது பொருட்படுத்த வேண்டியதா?

நீலகிரி ஓட்டி:

இறங்கிவிட்டால் பயமில்லை. ஆனால் குறுக்கு என்ஜினை நெடுக்காக வைத்த வண்டிகளில் தண்ணீர் வெளியேறும் குழாயில் காற்று தங்குவது உண்டு. ஆறிய என்ஜினில், வண்டியின் முன்பக்கத்தைச் சரிவில் உயர்த்தி நிறுத்தி, ரேடியேட்டர் மூடியைத் திறந்து, ஹீட்டர் இருந்தால் அதையும் முழுதாகத் திறந்துவைத்து ஐட்லிங்கில் ஓடவிடுங்கள். தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஹோஸ் சூடாகும்வரை குமிழ் வரும். வரவர கூலண்ட் ஊற்றி நிரப்புங்கள். வெறும் தண்ணீர் வேண்டாம், ஹெட் அலுமினியம். சூடான நிலையில் மூடியைத் திறக்கவே கூடாது. அதன் பிறகும் கோடு ஏறினால் ரேடியேட்டரைக் கழற்றி உட்புறம் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஆவணம்:

வண்டி சரியாகிவிட்டது, மகிழ்ச்சி. காகிதம் சரியாகிவிட்டதா? மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கொன்றில் அதையே அழுத்திச் சொன்னது. உங்கள் வண்டியில் சி.சி.யும் எரிபொருளும் மாறவில்லை. ஆனால் என்ஜின் எண் மாறிவிட்டது, என்ஜின் வகையும் மாறிவிட்டது. சோதனையில் பிடிபட்டால் ஆர்.சி.யில் ஓர் எண், பிளாக்கில் வேறோர் எண் என்பது திருட்டு வண்டிக்கான அடையாளமாகவே பார்க்கப்படும். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனமும் அதைக் காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்கலாம்.

எஸ்டீமின் ஆர்.சி. நகல், அது கழிக்கப்பட்டதற்கான சான்று, என்ஜின் வாங்கிய ரசீது, அதில் என்ஜின் எண் தெளிவாக எழுதியிருப்பது, இவை இருக்கின்றனவா? இவற்றோடு உங்கள் பகுதி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்துமூலம் விண்ணப்பித்து, வண்டியை நேரில் காட்டி, அனுமதி கிடைத்தால் ஆர்.சி.யில் பதியச் செய்யுங்கள். அனுமதி தானாகக் கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். இதைப் படித்துவிட்டு என்ஜின் தேடக் கிளம்புகிறவர்கள் வேலை தொடங்கும் முன்பே போய்க் கேளுங்கள்.

நாமக்கல் ஜிப்சி:

ரசீதும் கழித்த சான்றும் இருக்கின்றன. ரசீதில் என்ஜின் எண் எழுதப்படவில்லை. விற்றவரிடம் திருத்தி எழுதி வாங்கிக்கொண்டு திங்கட்கிழமை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போகிறேன். அனுமதி வரும்வரை வண்டி கொட்டகையில்தான் நிற்கும். அதற்குள் கூலண்டையும் காற்றெடுத்து முடித்துவிடுகிறேன்.

ஓம்விதி:

நிற்கிற நாட்களில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி வையுங்கள். மீண்டும் மாட்டும்போது அந்த இரண்டு எர்த் போல்ட்டுகளையும் ஸ்பேனர் போட்டு ஒரு முறை இறுக்கிப் பாருங்கள். புதிதாகச் சுரண்டிப் போட்ட போல்ட் சூடாகி ஆறினால் கொஞ்சம் இளகும்.